செவ்வாய்க்கிழமை வந்த கடிதம்

"பெட்டியத் திறங்க."

மென்சியா சொன்னது அவ்வளவுதான். மன்ற அறையில் இருந்த மூன்று ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் சாத்தி வைத்த விளக்குமாறு வாய் திறந்திருந்தால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

அவளுடைய அப்பா அந்தோலின், கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைச் சட்டென்று கைக்குள் மூடிக்கொண்டார். அந்தச் சாவி அவர் கழுத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்த அன்றைக்கே மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "கம்பளி சீவுறவன் கழுத்துல ஊர்ப்பெட்டிச் சாவி தொங்குறது இதான் மொதத் தடவ. நீ எழுத்தர் வீட்டுல வேலை பாக்குற. வேற என்ன வேணா கேளு. பெட்டியத் திறக்கச் சொல்லி மட்டும் ஒரு நாளும் கேட்டுடாத. அப்பன் இடம் குடுத்தான், பொண்ணு மடத்தப் புடுங்குறான்னு ரெண்டு பேரையும் சேத்து வெளிய தள்ளிடுவாங்க."

அல்மொரேனா ஊர்ப்பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி பெரிய வீட்டுக்காரர்களுக்காகத் தொன் பெல்த்ரானிடம். ஒன்று நகர எழுத்தர் ஹினேஸிடம். மூன்றாவது, கலகம் தொடங்கிய பிறகு சாமானியர்கள் சண்டை போட்டு வாங்கியது. மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பினால்தான் மூடி அசையும்.

"என்ன பொண்ணு, வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றார் ஹினேஸ்.

தொன் பெல்த்ரான் பதறவில்லை. அவர் புது அக்ரூட்டின் பச்சைத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கறுப்புக் கறை. எழுதத் தெரிந்தவர் விரல் மாதிரியே இருந்தது. "எதுக்குத் திறக்கணும்னு சொல்லும்மா. கேப்போம்."

"கார்தோசாக் கடுதாசியப் பாக்கணும். அதோட முதுகுல நான்…" மென்சியா சொல்லை மாற்றிக்கொண்டாள். "அதோட முதுகுல என்ன கிழமை இருக்குன்னு பாக்கணும்."

அந்த 'நான்' தொண்டையிலேயே நின்றுவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர இருந்த தைரியம் அந்த ஒரு சொல்லுக்கு இல்லை.

"வெள்ளிக்கிழமை" என்றார் அந்தோலின். "பக்கத்துலயே நான் போட்ட சிலுவைக்குறி இருக்கு. எழுதி முடிச்சத எதுக்குத் திரும்பப் பாக்கணும்? வீட்டுக்குப் போ, தாயி."

ஜன்னலுக்குக் கீழே சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நடுவில் தண்டனைத் தூண். தூணில் கட்டுண்டு நின்றவன் பாஸ்குவல். பக்கத்து ஊரான கார்தோசாவிலிருந்து கடிதம் கொண்டு வந்த தூதன், ஐம்பது வயதுக்காரன். விடியலில் கிளம்பி உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடக்கூடிய வழியில் நாலு நாள் குடித்துக் கிடந்து, தன் ஊரை எரியவிட்டவன் என்பது தீர்ப்பு. பிற்பகல் மூன்று மணி அடித்ததும் நூறு கசையடி. பிறகு இரண்டு காதும் போகும். தலைக்கு மேலே, கடிதம் ஒப்படைத்ததற்கு அவனுக்குக் கொடுத்த ரசீதுச் சீட்டை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். 'வெள்ளிக்கிழமை பெறப்பட்டது.'

அந்தச் சீட்டை எழுதியவள் மென்சியா.

*

அரசர் கடல் தாண்டிப் போயிருந்தார். போகும்போது வரியை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போனார். அதை வசூலிக்க அவர் வைத்துவிட்டுப் போன ஆட்கள் அடித்த கூத்தில்தான் காஸ்தீல் தேசத்து ஊர்கள் ஒன்றுக்கொன்று சத்தியம் செய்துகொண்டன. ஓர் ஊரிலிருந்து கடிதம் வந்தால், வந்த நாழிகைக்குள் மணி அடிக்க வேண்டும். ஊர் கூட வேண்டும். எழுத்தர் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு நகல் எடுத்து, வந்த கிழமையையும் மணியையும் முதுகில் குறித்து, அடுத்த ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியை நம்பித்தான் மதில் இடிந்த ஊர்கூடப் படைக்கு எதிரில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

அல்மொரேனாவின் எழுத்தருக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். கையெழுத்து எழுத்தருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் மனைவிக்கு ஜெபப் புத்தகம் வாசித்துக்காட்ட வந்து, அப்படியே எழுத்தும் கற்றுக்கொண்ட கம்பளி சீவுகிறவன் மகள் எழுதினாள் என்பது நடப்பு. ஊருக்கே தெரியும். ஊரே தெரியாத மாதிரி இருந்தது. கம்பளித் தெருவில் மட்டும் பெருமை பிடிபடவில்லை. "அந்தோலின் பொண்ணு எழுதுறது எறும்பு வரிசையா போற மாதிரி இருக்குமாம்ல" என்று, எழுத்தே தெரியாதவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பாஸ்குவல் வந்தது செவ்வாய்க்கிழமை, உச்சி மணி அடித்துக்கொண்டிருந்தபோது. தொப்பியைக் கழற்றி, அதன் மடிப்பிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். மென்சியா வழக்கம்போல் முதுகில் 'செவ்வாய், உச்சி மணி' என்று குறித்துவிட்டு, ஹினேஸுக்கு வாசித்தாள். கார்தோசாவின் ஊர்மன்றம் எழுதியிருந்தது: பீரங்கிகளோடு படை வருகிறது. வியாழனுக்குள் இருநூறு ஈட்டிக்காரர்கள் வேண்டும். எங்கள் மதிலின் கிழக்குப் பக்கத்தில் பெண்கள் நிற்கிறார்கள்.

மணி அடிக்கவில்லை. தொன் பெல்த்ரான் வந்தார். இரண்டு ஆண்களும் உள்ளறையில் பேசினார்கள். கதவு சரியாகச் சாத்தாத வீடு அது.

"மணி அடிச்சா இந்த நெசவுக்காரப் பயலுக நாழிகைல கிளம்பிடுவானுக. ஜெயிச்சா சரி. தோத்தா அரசர் ஆளுங்க அடுத்து யாரு வீட்டுக் கதவ இடிப்பாங்க? ரெண்டு நாள் பொறு ஹினேஸ். யாரு கை ஓங்குதுன்னு பாப்போம். கடுதாசியே பிந்தித்தான் வந்துச்சுன்னா ரெண்டு பக்கமும் நம்மள ஒண்ணும் சொல்ல முடியாது."

ஹினேஸ் வெளியே வந்து, "கிழமையச் சுரண்டிட்டு இடத்தக் காலியா வையி. அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.

"ஐயா, மதில்ல பொம்பளைங்க நிக்கிறாங்கன்னு எழுதியிருக்கு."

"எழுதினத நானும் கேட்டேன்." பிறகு என்ன நினைத்தாரோ, தன் முதுகுசாய்வு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "முக்காலில குனிஞ்சு குனிஞ்சு உனக்கு இடுப்பு போயிடும். இனிமே இதுல உக்காந்து எழுது."

இரண்டு வருஷமாக அவள் வாசலோரத்து முக்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அந்த நாற்காலியில் தோல் போர்த்திப் பித்தளை ஆணி அடித்திருந்தது. அதில் உட்கார்ந்தாள். முதுகு சாய்ந்தது. சீ, எவ்வளவு சுகமாக இருந்தது. சிறு கத்தியால் மையைச் சுரண்டினாள், பிசின்பொடி தூவினாள், நாய்ப்பல்லால் தேய்த்துத் தேய்த்துத் தாளைப் பளபளப்பாக்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு தடமும் இல்லை. தன் வேலையை நினைத்து ஒரு நொடி சிரிக்கவும் செய்தாள். யாரும் கத்தியை அவள் கழுத்தில் வைக்கவில்லை. நாற்காலிதான் கொடுத்தார்கள்.

புதன் காலை சத்திரத்து வாசலில் பாஸ்குவல் கேட்டான். "தங்கச்சி, பதில் ஆயிடுச்சா?"

"நாளைக்கு, அண்ணே."

"நேத்தும் அதான் சொன்ன. மணிச் சத்தத்தையும் காணோம். கறியும் சோறுமாப் போடுறாங்க, ஒண்ணும் குறையில்ல. ஆனா என் பொஞ்சாதி அங்க வெந்நி காய்ச்சிக்கிட்டு மதில் மேல நிக்கிறா. எனக்கு இங்க கறி இறங்குமா சொல்லு?"

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்க."

"பேசட்டும், பேசட்டும். ஊருன்னா பேசித்தான ஆகணும்."

வியாழனும் கேட்டான். "நாளைக்கு" என்றாள். அந்த மூன்று நாளும் அவள் சாப்பிட்டாள், தலை சீவினாள், ஞாயிறுக்குப் போட வேண்டிய பாவாடையை வெள்ளாவி வைத்தாள். சதுக்கத்துக்குப் போய் ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும். கத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மணி அடித்தார்கள். அதற்குள் தொன் பெல்த்ரானுக்கு வேண்டிய சேதி வந்து சேர்ந்திருக்கும். மன்றத்தார் முன்னிலையில் ஹினேஸ் படித்தார். அரசரின் கடிதத்துக்கு மட்டும் செய்கிற மரியாதையை தொன் பெல்த்ரான் கார்தோசாவின் கடிதத்துக்குச் செய்தார். அதை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார். சதுக்கத்தில் பாதிப்பேர் அழுதுவிட்டார்கள். மென்சியா அப்போதுதான் நிரப்பியிருந்த 'வெள்ளிக்கிழமை' அவருடைய நரைமுடியின் மேல் உட்கார்ந்திருந்தது. சாமானியர் சார்பில் அந்தோலின் நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு சிலுவைக்குறி போட்டார். பாஸ்குவல் கையில் ரசீதுச் சீட்டைக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாத அவன் அதைப் பத்திரமாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான்.

நெசவாளர்கள் அந்த நாழிகையே கிளம்பினார்கள். பாதி வழி மேட்டில் ஏறியபோது புகை தெரிந்தது.

*

இன்று காலை வரைக்கும்கூட அவள் வாயைத் திறக்கிற எண்ணத்தில் இல்லை. தீர்ப்பு நேற்றே ஆகிவிட்டது. "செவ்வாய்க்கெழம வந்தேன், செவ்வாய்க்கெழம வந்தேன்" என்று பாஸ்குவல் கத்திய கத்தல் அவள் காதிலும் விழுந்தது. சத்திரக்காரன் தொன் பெல்த்ரானின் வாடகைக்காரன். வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன் என்று சத்தியம் செய்தான். அந்தோலின்தான் எல்லாரையும் விட உரக்கக் கத்தினார். "காத அறுங்க! ஊரு எரியுறப்ப குடிச்சவனுக்குக் காது எதுக்கு?"

காலையில் கஸில்தா வந்தாள். கார்தோசாவிலிருந்து தப்பி வந்த விதவை. பாவாடை விளிம்பு கருகியிருந்தது. அதை வெட்டி எறியவும் அவளுக்கு மனசில்லை.

"தங்கச்சி, நீ எழுதுவியாமே. ரிபேராவுல என் அக்கா இருக்கா. நான் உசுரோட இருக்கேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு."

மென்சியா இறகை நனைத்தாள்.

"எழுது. வீடு போச்சு. எம் புள்ள லூயிஸும் போயிட்டான்." அவள் தாளின் மேல் கையை வைத்து மறித்தாள். "லூயிஸ் எப்படிப் போனான்னு எழுத வேணாம். நான் அல்மொரேனாவுல இருக்கேன். இவங்க நல்லவங்க. இவங்களுக்குக் கடுதாசி வெள்ளிக்கெழமதான் கெடச்சுதாம். கெடச்ச அந்த நேரமே ஈட்டியத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. எல்லாம் நம்மூரு பாஸ்குவல் பண்ணுன பாவம். குடிகாரப் பய. அவன் பொஞ்சாதி என் பக்கத்துல நின்னுதான் செத்தா. அவ போய்ச் சேந்ததே நல்லது, இந்த அசிங்கத்தப் பாக்கல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினாள். 'இவங்க நல்லவங்க' என்ற இடத்தில் குரல் இடறியது. கஸில்தா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். வலது கையை.

அதையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் மென்சியா படியேறி வந்தாள்.

*

"திறங்க" என்றார் தொன் பெல்த்ரான். "பாத்துட்டு நிம்மதியாப் போகட்டுமே. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?"

ஹினேஸின் கை நடுங்கியதால் அவர் சாவியையும் தொன் பெல்த்ரானே பூட்டில் திருப்பினார். அந்தோலின் மகளை முறைத்துக்கொண்டே தன் சாவியைச் செருகினார். மூடி கிறீச்சிட்டது. ஊர் முத்திரைக்கும் பழைய சாசனங்களுக்கும் மேலே கார்தோசாவின் கடிதம் கிடந்தது.

மென்சியா அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். விரல்நுனியால் தடவிப் பார்த்தாள். எங்காவது ஒரு சொரசொரப்பு, 'செவ்வாய்' என்பதில் ஒரு கொக்கியின் நிழல், எதுவாவது இருக்காதா என்று தேடினாள். தன் வேலை மோசமாக இருந்திருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமியை வேண்டிக்கொண்டாள். தாள் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. எதற்காகப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்? பெட்டி பேசட்டும், தான் பேச வேண்டாம் என்றுதான். தாளே காட்டிக்கொடுத்துவிட்டால், அவள் ஓரமாக நின்று 'ஐயோ' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

"என்னம்மா, ஏதாச்சும் கண்டியா?" தொன் பெல்த்ரான் அக்ரூட் பருப்பை வாயில் போட்டார்.

"பாத்தியா? பாத்தியா?" அந்தோலினுக்கு மூச்சு திரும்பி வந்தது. "நாந்தான் சொன்னேன்ல. எழுத்து பொய் சொல்லாதுன்னு இவளே எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லுவா ஐயா. இந்தக் கூத்தக் கேளுங்க, புதன்கெழம அந்தப் பய மாதிரியே ஒருத்தன் சத்திரத்து வாசல்ல உக்காந்து செருப்புத் தச்சுக்கிட்டிருந்ததப் பாத்தேன். 'கம்பளி வெல எப்படி அண்ணே'ன்னு ரெண்டு வார்த்த பேசவும் செஞ்சான். அப்புறம் தாள்ல வெள்ளிக்கெழமன்னு படிக்கக் கேட்டதும், சரி, எங் கண்ணுதான் அவிஞ்சு போச்சு, அது வேற யாரோன்னு விட்டுட்டேன். எம் பொண்ணு எழுதினது தப்பா இருக்குமா?"

ஹினேஸ் தரையைப் பார்த்தார்.

"அப்பா" என்றாள் மென்சியா. "அது அவருதான்."

"யாரு?"

"பாஸ்குவல். செவ்வாய்க்கிழமை உச்சி மணிக்கு வந்தாரு. செவ்வாய்னுதான் நானும் எழுதினேன். அப்புறம் நானே சுரண்டினேன். மூணு நாளு எனக்குத் தெரியும்ப்பா."

அந்தோலின் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணி அப்படியே நின்றது. அவர் கண் கடிதத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்தில் தன் சிலுவையை மட்டும்தான் அவரால் அதில் படிக்க முடியும். பிறகு ஜன்னலுக்குப் போனது. காதை அறுங்கள் என்று கத்திய வாயை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார்.

தொன் பெல்த்ரான் கடிதத்தை அவள் விரலிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார். "இது யாரு கையெழுத்து? சட்டப்படி ஹினேஸ் கையெழுத்து. இல்ல, என்னுதுதான்னு நீ சொன்னா, எழுத்தர் இல்லாத ஒருத்தி ஊர்க் காகிதத்துல எழுதியிருக்கா, அதுவும் பொய்ய எழுதியிருக்கான்னு ஆகும். பொய் எழுதின கை மணிக்கட்டோட போகும். சட்டம் நான் போட்டதில்ல. சாட்சிக்குறி போட்டவன் கதி என்னன்னு உங்க அப்பாகிட்டச் சொல்லணுமா?" குரலில் கோபமே இல்லை. "உக்காரும்மா. நாற்காலி சும்மாதான கெடக்கு."

மென்சியா நாற்காலியைப் பார்த்தாள். எழுத்தர் வீட்டு நாற்காலி மாதிரியே இதற்கும் தோல் போர்த்திப் பித்தளை ஆணி அடித்திருந்தது. முகம் முழுக்கச் சூடு பரவியது. இந்த ஆளுக்குத் தன் விலை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

"கதவச் சாத்துங்க ஐயா" என்று அந்தோலின் முனகினார். பிறகு மகளின் இரண்டு தோளையும் பிடித்தார். "தாயி. கேளு. ஊரு எரிஞ்சது எரிஞ்சதுதான். நீ சொன்னா அணையப் போகுதா? அந்தாளுக்குப் பொஞ்சாதியும் இல்ல, ஊரும் இல்ல. அவன் ரெண்டு காதுக்கு எம் பொண்ணு கையா? எந்தத் தராசுல நிக்கும் இது? கம்பளித் தெருவுல ஒருத்தி எழுதக் கத்துக்க எத்தன தலைமுற ஆச்சு? வாய மூடிக்க. அப்பன் சொல்றேன், வாய மூடிக்க."

"அந்த ஒருத்தி எழுதினத நம்பித்தானப்பா நீங்க உங்க கண்ண நம்பல."

அவர் கை தோளிலிருந்து நழுவியது.

கீழே மணிக்கூண்டில் கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது. முதல் மணி விழுந்தது.

மென்சியா மேசைக்குப் போய் மைக்கொம்பை எடுத்து இடுப்பில் செருகினாள். இறகை எடுத்து நுனியை நகத்தில் வைத்துச் சோதித்தாள். தாள் வேண்டாம். தாள் தூணில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 'வெள்ளிக்கிழமை' என்று எழுதிக் காட்டினால் இரண்டும் ஒரே கை என்று தூணருகே நிற்கும், படிக்கத் தெரிந்த பாதிரியாருக்குத் தெரியும். அவர் உரக்கச் சொல்லட்டும். மற்றதை அவள் சொல்லுவாள். நாற்காலியையும் சேர்த்துச் சொல்லுவாள். கஸில்தா முன்வரிசையில் நிற்பாள் என்பதும் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். கை போவதைப் பற்றிப் பிறகு பயந்துகொள்ளலாம்.

"அந்தோலின், உம் பொண்ணப் பிடி" என்றார் தொன் பெல்த்ரான். இப்போதுதான் அவர் குரல் ஏறியது.

அந்தோலின் கதவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றிருந்தார். சாவி பெட்டியிலேயே இருந்தது. கழுத்தில் கயிறு மட்டும்தான் தொங்கியது. அவர் மகளைப் பிடிக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மென்சியா அவரை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது இரண்டாவது மணி விழுந்தது. மூன்றாவது விழுவதற்குள் கூட்டத்தைத் தாண்டியாக வேண்டும். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குள் வேகமாக நடந்தாள்.